என் வீட்டுக்காரருக்கு ஃபேஷியல் செய்த நாள்

1

நாங்கள் பெர்த் நகரத்தில் வந்து இறங்கிய தேதி இந்த வாரம் வந்து போனது. முதல் ஒன்றிரண்டு வருடங்கள் அந்த நாளில் பாயசம் வைத்தேன். இந்த வருடம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் புருவத்தில் நூல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஊரில் என்னோடு பார்லர் நடத்திய தேன்மொழி போன வாரம் போனில் சொன்னாள். "உனக்கு இன்னாக்கா, வெள்ளக்காரிங்களுக்கு மேக்கப் போட்டுகினு ஏசியில ஜாலியா கீற. இங்க கரண்ட்டு பூடுச்சின்னா விசிறிகூட இல்ல." நான் மறுக்கவில்லை. மறுத்தால் பெருமைக்குச் சலித்துக்கொள்வதாக நினைப்பாள். ஆனால் அவளைப் போல நினைக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பார்கள். அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய வணிக வளாகத்தின் நடுவழியில். ஒரு பக்கம் ஜூஸ் கடை, மறு பக்கம் செல்போன் உறை விற்கும் கடை. இடையில் சுவரே இல்லாமல் நாலு நாற்காலிகள். புருவம், மேலுதடு, நெற்றி, கன்னம், எல்லாம் நூலால் முடி எடுக்கிற வேலைதான். ஊரில் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வோம். இங்கே அது சுகாதார விதிக்கு ஆகாது. கழுத்தைச் சுற்றி ஒரு வாரில் கட்டிக்கொண்டு இழுக்கவேண்டும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது கழுத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அதைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் தூங்கிவிடுவேன்.

2

நான் பிறந்தது திருவொற்றியூர்க் குப்பத்தில். அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர். ராயபுரத்தில் ஒரு மாடியில் அழகுக்கலை டிப்ளமோ சொல்லிக்கொடுத்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் அதில் சேர்ந்தேன். முதல் வேலை ஊரின் மறு கோடியில், பணக்காரர்கள் இருக்கிற பக்கம், கண்ணாடிக் கதவு போட்ட பெரிய பார்லரில். சேர்ந்த வாரமே ஒரு அம்மாவிடம், "இன்னா மேடம், வலிக்குதா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சிரித்தார். முதலாளியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் கை நல்லா இருக்கு. வாயை மட்டும் திறக்காதே" என்றார். அங்கே இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு தேன்மொழியும் நானும் சேர்ந்து திருவொற்றியூரிலேயே, பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மாடியில் சொந்தமாக ஆரம்பித்தோம். கன்டெய்னர் லாரி போனால் கண்ணாடி நடுங்கும். ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பெண்களுக்கு ஆவி பிடித்து முகத்தைத் துடைத்தால் பஞ்சு கறுப்பாக வரும். அவர்கள் அந்தப் பஞ்சை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத்தயா நானு மூக்குல இஸ்துகினு கீறேன்!" என்பார்கள். அங்கே நான் இஷ்டத்துக்குப் பேசினேன். பாதிப் பேர் பேசுவதற்காகவே வந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பத்தில் ஒரு கல்யாணம். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். பெண் வீட்டார் ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் தங்கியிருந்தார்கள். நாலு பேர் செல்போன் லைட்டைப் பிடிக்க, பெஞ்சில் உட்காரவைத்து அந்தப் பெண்ணுக்கு அலங்காரம் செய்தேன். முடித்துத் திரும்பிப் பார்த்தால், வீடு மூழ்கி அங்கே வந்து தங்கியிருந்த பெண்களெல்லாம் வரிசையில் நிற்கிறார்கள். "எனக்கும் கொஞ்சம் போட்டு வுடு கண்ணு." பெட்டி காலியாகும்வரை போட்டேன். இந்தத் தொழிலில் நான் எவ்வளவு தூரம் வந்தேன் என்று யாராவது கேட்டால், அந்தப் பள்ளிக்கூடத்து மாடிதான் நினைவுக்கு வருகிறது. பெர்த் வருவதில்லை.

என் வீட்டுக்காரர் ஏழுமலை எனக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே எனக்கு மாமாதான். எண்ணூரில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். இங்கே கப்பல் கட்டும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜென்ட் மூலமாக வாய்ப்பு வந்தது. மகள் நிவேதாவின் படிப்பு என்ற ஒரே காரணம் மற்ற எல்லாவற்றையும் தோற்கடித்துவிட்டது. பார்லரைத் தேன்மொழியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டேன்.

3

இங்கே வந்த புதிதில் ஒரு பெண்ணுக்குப் புருவம் முடித்துவிட்டு, ஊர் வழக்கப்படி, "ஃபேஸுக்கு பிளீச் பண்ணட்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். இங்கே பிளீச் என்றால் கழிவறை கழுவுகிற மருந்து. அது எனக்குத் தெரியாது. கடையின் மேலாளர் வந்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம், "புருவத்தோடு நிறுத்திக்கொள். கேட்டால் மட்டும் பேசு" என்றார். கடல் தாண்டி வந்தும் அதே வார்த்தைதான்.

நான் ஃபேஷியல் செய்யத் தெரிந்தவள், மணப்பெண் அலங்காரம் செய்தவள், முடிக்குச் சாயம் கலக்கத் தெரிந்தவள் என்பதற்கு இங்கே செல்லுபடியாகும் தாள் வேண்டும். தாள் இல்லாமல் காப்பீடு கிடைக்காது. காப்பீடு இல்லாதவளை யாரும் முகத்தில் கை வைக்க விடமாட்டார்கள். அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஒரு பயிற்சிக் கூடம் இருப்பதாகக் கூட வேலை செய்யும் நேபாளப் பெண் சொன்னாள். எழுதிப் போட்டேன். பார்லரின் பதிவுச் சான்று கேட்டார்கள். எங்கள் பார்லருக்குப் பெயர்ப்பலகை ஒன்றுதான் சான்று. தேன்மொழி அதைப் படம் எடுத்து அனுப்பினாள். போதாது என்றார்கள். வாடிக்கையாளர்களின் படம் கேட்டார்கள், முகவரியோடு கடிதம் கேட்டார்கள், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை வைக்கச் சொன்னார்கள். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று. கடைசியில், நேரில் செய்து காட்டுங்கள், மாடலை நீங்களே அழைத்து வாருங்கள் என்று மின்னஞ்சல் வந்தது.

நிவி வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் பதினொன்றாம் வகுப்பு. பெயரை "நிவ்" என்று ஆக்கிக்கொண்டாள். தேர்வுக்கு முதல் நாள் மாலை, செல்போனிலிருந்து கண் எடுக்காமல், ஆங்கிலத்தில், "அம்மா, சாரி. மேட்ச்சை நாளைக்கு மாத்திட்டாங்க. ஃபைனல்" என்றாள்.

"எனக்கும் நாளைக்குத்தான் நிவி."

"நீங்க வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்களேன்."

வேற யார்? இத்தனை வருடத்தில் என் முன்னால் படுத்த முகங்களை எண்ண முடியாது. வா என்று கூப்பிட ஒரு முகம் இல்லை. சமையலறையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் புறப்படச் சாப்பாட்டு டப்பாவைத் தேடி வந்தார். எங்கள் குடித்தனமே அப்படித்தான். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் போவார். நான் அவர் தோளைத் தட்டிக் கூப்பிட்டேன்.

"நாளைக்கு லீவு தான மாமா? என்கூட பரிட்சைக்கு வர்றியா? சும்மா படுத்துகினா போதும்."

"பரிட்சைக்கு நானா? தோடா!" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, வர்றேன். பவுடர் கிவுடர் அடிச்சி பொம்பள மாதிரி ஆக்கி வுட்டுடாத. கம்பெனில சிரிப்பானுங்க."

4

சோதிக்க வந்த பெண்மணியின் பெயர் ஜில். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு டேப்லெட், முகத்தில் கண்டிப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. மாமா வேலை முடிந்து தூங்காமல் அப்படியே வந்திருந்தார். வெள்ளைத் துண்டை நெற்றியில் கட்டிப் படுக்கவைத்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தவர் போல விறைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

விதிப்படி முதலில் வாடிக்கையாளரிடம் கேள்வி கேட்கவேண்டும். தலைமாட்டில் நின்று, பயிற்சி எடுத்திருந்த ஆங்கிலத்தில், "உங்களுக்கு ஏதாவது ஒவ்வாமை இருக்கிறதா?" என்றேன். பதில் இல்லை. "ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" பதில் இல்லை.

ஜில் தலை நிமிர்ந்தார். "அவருக்கு ஆங்கிலம் சிரமமாக இருந்தால் உங்கள் மொழியிலேயே கேளுங்கள். பரவாயில்லை."

எனக்கு மானம் போயிற்று. இத்தனை வருடம் இந்த ஊரில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு இந்தக் கேள்விகூடப் புரியாதா? வேண்டுமென்றே வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். "மாமா, பதில் சொல்லேன். எதுனா அலர்ஜி கீதா?" என்று தமிழில் கேட்டேன். அப்போதும் கூரையையே பார்த்தார். கோபத்தோடு வலது பக்கம் வந்து குனிந்து, "இன்னா மாமா, மானத்த வாங்குற?" என்றேன்.

திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். "இன்னாமே? எதுனா கேட்டியா?"

கேள்விகளைத் திரும்பக் கேட்டேன். என் உதட்டையே பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஜில் குறித்துக்கொண்டார். ஆவி இயந்திரம் இரைய ஆரம்பித்தது. நான் முகத்தைக் கழுவிவிட ஆரம்பித்தேன்.

கை வைத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த முகத்தை நான் தொட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஊரார் முகமெல்லாம் என் கைக்குத் தெரியும். இது தெரியவில்லை. தீப்பொறி பட்டுப் பட்டு, கழுத்தோரம் சின்னச் சின்னத் தழும்புகள் அரிசி இறைத்த மாதிரி இருந்தன. கண்ணுக்குக் கீழே தோல் தளர்ந்து பை விழுந்திருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம். எப்போது இவருக்கு வயதானது? நான் எங்கே போயிருந்தேன்?

இடது கன்னத்துக்காக அவர் தலையை வலது பக்கம் சாய்த்தேன். வலது காது மடித்த துண்டுக்குள் புதைந்தது. "நல்லா கண்ண மூடிக்கோ" என்றேன். கண் திறந்தே இருந்தது. "மாமா, கண்ண மூடு." திறந்தே இருந்தது. என் கை நின்றுவிட்டது. வீட்டில் முதுகுப் பக்கம் நின்று நிவி பேசினால் அவர் பதில் சொல்லாததும், டிவி சத்தத்துக்காக அவளோடு சண்டை வருவதும், போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டே பேசுவதும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

இடது காதருகே குனிந்து, எந்த அப்பனும் துள்ளி எழுகிற ஒரு பொய்யைச் சொன்னேன். "நம்ம நிவி ஒரு பையனோட சுத்திகினு கீறா, மாமா."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சாதுவாகப் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் கை தானாகச் செய்தது. நெற்றியிலிருந்து காதோரப் பொட்டுக்கு, பொட்டிலிருந்து தாடைக்கு. கண்ணீர் வந்தால் அவர் முகத்தில் விழும் என்று அண்ணாந்து நின்றுகொண்டேன். மசாஜ் பாதியில் அவர் தூங்கிப்போனார். குறட்டையே விட்டார். ஜில் முதல் முறையாகச் சிரித்தார். முடிந்ததும் தான் எழுதியதை எனக்குக் காட்டினார். "வாடிக்கையாளரோடு நெருக்கமாக, மெல்லிய குரலில் பேசி அவரை அமைதிப்படுத்துகிறார்" என்று ஆங்கிலத்தில் இருந்தது.

5

கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்ததும் அவர் கண்ணாடியைத் திருப்பி முகத்தைப் பார்த்துக்கொண்டார். "ஷோக்காதான் கீது. பாஸ் பண்ணிட்டியா?"

நான் அவர் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "காது கேக்கலன்னு ஏன் என்னாண்ட சொல்லல?"

பொய் சொல்லப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

நான் அவர் முகத்தைத் திரும்ப என் பக்கம் இழுத்தேன். "எப்போத்துலருந்து?"

"இன்னா தேதின்னா சொல்றது? ஒரே நாள்ல போற மேட்டரா அது? எண்ணூர் பட்டறையிலயே கொஞ்சம் பூடுச்சி. அங்க காதுக்குப் பஞ்சு வெச்சிகினு வேல செஞ்சா பயமான்னு கேப்பானுங்க. இங்க வந்து நல்ல மூடி குட்த்தானுங்க. ஆனா போனது போனதுதான். எடது காது சுத்தமா அவுட்டு. வலது பாதி."

"கம்பெனில தெரியாதா?"

"வெல்டிங் சத்தத்துல எல்லாரும் கைய ஆட்டித்தான் பேசுவானுங்க. அங்க ஒண்ணும் தெரியாது. வூட்லதான் கஷ்டம்."

"வூட்லயாவது சொல்லிருக்கலாமே மாமா."

"சொன்னா நீ டாக்டராண்ட இஸ்துகினு போவ. டாக்டரு எய்திக் குடுப்பாரு. அது கம்பெனிக்குப் போவும். கம்பெனி தூக்குச்சின்னா விசா காலி. நிரந்தர விசாவுக்கு இன்னும் மெடிக்கல் வேற கீது. நிவி படிப்பு பாதில நிக்கும். நாலு பேரும் சிரிக்க திருவொத்தியூருக்குப் போய் எறங்கணும்." நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "வாய மூடிகினு இருந்தா எல்லாம் ஓடிரும்னு பாத்தேன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா? அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கன்னத்தில் நான் போட்ட கிரீம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

6

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனுஷி. என் ஆங்கிலம் தடுமாறுவதைப் பார்த்து, "கவலை வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார்" என்று சொல்லி, போனைப் போட்டு மேசை நடுவில் வைத்தார். காது கேட்காதவருக்குப் போனில் மொழிபெயர்ப்பு. போனுக்குள்ளிருந்து ஒரு ஐயா மிக அழகான தமிழில், "தங்களுக்குச் செவிப்புலன் குறைபாடு எக்காலம் தொட்டு உள்ளது?" என்று கேட்டார்.

மாமா போனை வலது காதில் ஒட்டவைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாமே சொல்லுது இது?"

அந்த ஐயா சொன்ன தமிழை நான் எங்கள் தமிழில் மாமாவுக்குச் சொன்னேன். மாமா சொன்னதை அந்த ஐயாவின் தமிழில் சொன்னேன். அவர் அதை ஆங்கிலத்தில் டாக்டருக்குச் சொன்னார். அந்த அறையில் அழுவதற்கு நிறையக் காரணம் இருந்தது. ஆனால் மாமாவும் நானும் சிரித்துவிட்டோம். அடக்க அடக்க வந்தது.

சோதனை முடிவு அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தது. விசா வேலைகளைப் பார்த்துக் கொடுக்கிறவர் விசாரித்து, இந்தக் குறைக்காக விசாவுக்கு ஒன்றும் ஆகாது என்றார். கம்பெனி மேற்பார்வையாளரிடம் மாமா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சொன்னார். அவர் தோளில் தட்டி, "இந்தத் தளத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். உனக்குத்தான் நல்ல காது என்று நினைத்திருந்தேன்" என்றாராம். கருவிகள் வைக்கும் அறையில் பகல் வேலைக்கு மாற்றினார்கள். ராத்திரி ஷிஃப்ட்டுக்கான கூடுதல் சம்பளம் நின்றது. அதோடு போயிற்று.

அவ்வளவுதான். இத்தனை காலம் அவர் ராத்திரியும் பகலும் சுமந்த பயம் ஒரு தோள் தட்டலில் முடிந்துவிட்டது. சந்தோஷப்படுவதா, விழுந்து அழுவதா என்று தெரியாமல் அன்று அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

எனக்கும் சான்றிதழ் வந்தது. அதில் சிறப்பு, மிகச் சிறப்பு என்றெல்லாம் ஒன்றுமில்லை. "தகுதி உள்ளவர்" என்று மட்டும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் ஒரு முடிதிருத்தும் நிலையத்தின் பின்னறையை வாடகைக்கு எடுத்து ஃபேஷியல் செய்கிறேன். மற்ற நாட்கள் பழையபடி நூல். இந்த வயதில் திரும்பவும் முதல் படி. முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் பின்னறையில் நான் வாயைத் திறந்து பேசுகிறேன். தப்புத் தப்பாகத்தான். வருகிறவர்கள் திரும்பி வருகிறார்கள்.

7

நிவியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் செல்போனைக் கீழே வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில், அப்பாவுக்கு என்மேல் அக்கறை இல்லை என்றுதான் நினைத்தேன், அதனால்தான் அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டேன் என்றாள். யாரைக் குற்றம் சொல்ல? ஒருத்தருக்குக் கேட்கவில்லை. ஒருத்தி சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கழுத்தைத் தடவிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

காதுக்கருவி வந்த அன்று மாலை, மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் கொதித்து அடங்கும் சத்தம் கேட்கிறது என்று மாமா அதிசயப்பட்டார். நிவி பள்ளியிலிருந்து வரும்போது பஸ்ஸில் நடந்த ஏதோ ஒன்றை என்னிடம் ஆங்கிலத்தில் மடமடவென்று சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடித்ததும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாம் நல்லா கேக்குது கஸ்தூரி. ஆனா கொயந்த இன்னா பேசுதுன்னுதான் புரியல."

மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்தார். நிவிக்குக் கேட்டுவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை அவர் வலது பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, அது இன்னான்னா..." என்று ஆரம்பித்தாள். வார்த்தைக்கு வார்த்தை நின்றாள். டிரைவர் என்பதற்குத் தமிழில் என்ன வார்த்தை என்று என்னைப் பார்த்தாள். "டிரைவர்தாம்மா" என்றேன். பஸ்ஸில் ஒரு கிழவர் நாய்க்குட்டியைப் பைக்குள் ஒளித்து ஏற்றியதும், அது பாதி வழியில் குரைத்ததும், டிரைவர் நிறுத்தியதும்தான் கதை. ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் முடிந்த கதை. தமிழில் ரசம் ஆறிப்போயிற்று. நாய்க்குட்டியோடு கிழவரை இறக்கிவிட்ட இடம்வரை கொண்டுவந்துவிட்டு, அதற்கு மேல் வார்த்தை கிடைக்காமல் நின்றாள்.

மாமா சோற்றுக் கையோடு அவள் பக்கம் சாய்ந்தார்.

"பாவம்மா அந்தாளு. அப்பால இன்னா ஆச்சி?"